மிளகாய்க் கிட்டங்கிக்கு மேலே என் கோட்டை

நம் வயதுக்காரர்கள் இதை முதலில் படித்துவிட்டு, பிறகு வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, இதில் திட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான் என்று தோன்றிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளும் அவளுடைய சிநேகிதிகள் மூன்று பேரும் எங்கள் வீட்டு ஹாலில் பெரிய தாளை விரித்துப் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். இது காய் வெட்டுகிற ஆட்டம் இல்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்துகொண்டு, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நான் அந்தப் பக்கமாகத் தண்ணீர் எடுக்கப் போனபோது மகள் தலையைத் தூக்கி, "அப்பா, எனக்குக் கோட்டை கிட்டியாச்சு கேட்டோ" என்றாள்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அது நாற்பது வருடத்துக் கோபம். எனக்கும் ஒரு கோட்டை இருந்தது.

மலையாளச் சீமையில், ஆரியசாலை என்கிற கடைத்தெருவில் எங்களுக்கு வற்றல் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம். முன்னால் கடை, பின்னால் சரக்கு அடுக்குகிற கிட்டங்கி, கிட்டங்கிக்கு மேலே பலகை அடித்த மச்சு. மச்சில் கிழிந்த சாக்குகளும் பழைய தராசுத் தட்டுகளும் கிடக்கும். பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்ததால், குப்புறப் படுத்தால் கீழே நடப்பதெல்லாம் தெரியும். கீழேயிருந்து வருகிற மிளகாய் நெடியும் அதே வழியாகத்தான் மேலே வரும்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த வருடம், மஸ்கட்டில் இருந்த அத்தை ஓர் ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். கூடவே அத்தை மகனும் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அவருடைய சூட்கேஸில் துணியைவிட முக்கியமாக ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஆங்கிலத்தில் இரண்டு புத்தகங்கள், தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட தாள்கள், ஆறு பகடைகள். அதில் ஒன்றுக்கு இருபது முகம். இளநீல நிறம். அதன் எண்கள் பள்ளமாக இருக்குமே தவிர நிறம் கிடையாது. நிறம் தேய்க்கிற மெழுகுக்குச்சி வழியிலேயே உருகிப் போயிருந்தது. அக்கா குங்குமத்தைக் குழைத்து எண்களில் அப்பினாள். அதன் பிறகு பகடை உருட்டுகிறவர் விரலெல்லாம் சிவப்பு. அந்தப் பகடை மாதிரி ஒரு பொருளை நான் அதற்கு முன்னும் பின்னும் ஆசைப்பட்டதில்லை.

ஆட நாங்கள் மூன்று பேர். அக்கா மந்திரவாதி. எதிர் மருந்துக்கடைக்காரர் மகன் கள்ளன். அவன் வீட்டில் மலையாளம், எங்களோடு சேர்ந்தால் இரண்டும் கலந்த பேச்சு. நான் வீரன். அத்தான் கதை நடத்துகிறவர். மச்சில் ஆடுவதால் எங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்: பகடை உருளும்போது யாராவது தும்மினால் அந்த வீச்சு செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும். மிளகாய் நெடியில் தும்மல் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அக்கா வேண்டுமென்றே தும்முவாள் என்று மருந்துக்கடைப் பையன் தினமும் சண்டை பிடிப்பான்.

அத்தானுக்கு நம்மூர் மலை என்று தெரிந்தது பொன்முடி மட்டும்தான். வந்த வாரமே எல்லோரும் ஜீப்பில் போய்வந்திருந்தோம். அதனால் அவர் வரைந்த படத்தில் இருந்த நாடும் பொன்முடி மாதிரியே இருந்தது. வளைந்து வளைந்து ஏறுகிற பாதை, உச்சியில் மூடுபனி, அடிவாரத்தில் கல்லாறு மாதிரி உருண்டைப் பாறைகள் கிடக்கிற ஓர் ஆறு.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. வீரன் ஒன்பதாவது படிக்கு ஏறிவிட்டால், மலையில் ஓர் இடத்தைப் பிடித்துக் கோட்டை கட்டலாம். சுற்றியிருக்கிற நிலமும் அதில் குடியிருக்கிற ஜனங்களும் அவன் பொறுப்பு. அவன் சொல்வதுதான் அங்கே நடக்கும். இதை அத்தான் முதல் நாளே வாசித்துச் சொல்லிவிட்டார். எனக்கு அதற்குப் பிறகு பூதமும் புதையலும் ஒரு பொருட்டாகவே இல்லை. எப்போது ஒன்பது வரும் என்பதே நினைப்பு.

காரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நான் கடைசி. எனக்கு எந்தச் சட்டை, எந்தப் பள்ளிக்கூடம், முடியை எவ்வளவு ஒட்ட வெட்ட வேண்டும், எல்லாம் அப்பா சொல்வார். தமிழில் படித்துக்கொண்டிருந்தவனை அந்த வருடம் மலையாள மீடியத்துக்கு மாற்றியதும் அப்பாதான். மாற்றியாகிவிட்டது என்பதே எனக்குப் புதுப் புத்தகம் வந்த பிறகுதான் தெரியும். அப்பா கெட்டவர் இல்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் சொல்லுக்கு ஒரு காரியம் நடக்கிற இடம் இந்த உலகத்தில் எங்குமே இல்லை. அந்தத் தாளில் மட்டும் வரப்போகிறது என்றால் ஆசை வராதா?

ஐந்து வாரம் தினமும் ஆடி ஒன்பதாவது படிக்கு வந்தேன். மலை உச்சியில் பென்சிலால் சதுரம் போட்டு என் பெயரை எழுதினார் அத்தான். "இப்ப பென்சில்தான். நான் மஸ்கட் போற அன்னைக்கு நீ கோட்டைய கையில வச்சிருந்தா மையால எழுதுவேன். அங்க என் கூட்டுக்காரனுவளும் இதே படத்துலதான் வெளையாடப் போறானுவ. ஒன் கோட்டைக்கு முன்னால வந்து நின்னு அனுமதி கேப்பானுவ" என்றார். கடல் தாண்டி, முகம் தெரியாத பையன்கள் என்னிடம் அனுமதி கேட்பார்கள். அதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டு, அதை நினைத்துக்கொண்டே குளித்தேன்.

ஆனால் கோட்டை கிடைத்த மறுநாளே வெறுத்துவிட்டது. கோட்டைக்காரன் கோட்டையை விட்டுப் போக முடியாது. அக்கா குகைக்குள் தீப்பந்தம் பிடித்துப் போகிறாள், என்னிடம் அத்தான் கேட்கிறார்: கிணறு எங்கே தோண்டலாம்? பால்காரிக்கும் தச்சனுக்கும் வேலித் தகராறு, என்ன தீர்ப்பு? மதில் எத்தனை அடி? அக்கா என்னைப் பார்த்து, "என்ன வாட்ச்மேன், கேட்டெல்லாம் பத்திரமா இருக்கா?" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த ஜனங்கள் எனக்குப் பழகிவிட்டார்கள். யார் வீடு எங்கே என்று அடிவாரத்தில் குட்டிக் குட்டியாக நானே வரைந்தேன். பால்காரி வீட்டுக்கு முன்னால் ஒரு மாடு கூடப் போட்டேன்.

இதற்கிடையில் மருந்துக்கடைப் பையனின் கள்ளன் ஒரு குழியில் விழுந்து செத்துவிட்டான். சும்மா உட்கார்ந்திருந்தவனிடம் அத்தான், "நீ அவன் ஊர் ஜனங்களா இரு" என்றார். அங்கேதான் ஆரம்பித்தது.

கோட்டையின் மதிலைக் கட்ட வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குள்ளர்கள் கல் வேலையில் கெட்டிக்காரர்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் குள்ளர்களைக் கூப்பிட்டேன். மருந்துக்கடைப் பையன் உடனே, "அது நடக்காது கேட்டியா. எங்கட மலையில எங்கட ஆளுதான் கல்லு சுமக்கும்" என்றான்.

ஆரியசாலையில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் லாரியிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாலும் அந்தத் தெருவின் சங்கத்துச் சுமட்டுக்காரர்கள்தான் இறக்குவார்கள். வேறு ஆளை வைத்து இறக்கினால் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முந்தைய மாதம்தான் பக்கத்து வெங்காயக் கடையில் அப்படி நடந்திருந்தது. தெரிந்தும் நான் குள்ளர்களைக் கூப்பிட்டேன் பாருங்கள். கடைக்காரர் மகன் புத்தி.

மஸ்கட்டில் வளர்ந்த அத்தானுக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஜனங்க கலகம் பண்ணுதாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றான் அவன்.

"ஊர விட்டு ஓடுதாங்களா?"

"இல்ல."

"அப்ப என்னதான் செய்யுதாங்க?"

"இரிக்கும். கேட்டுக்கு முன்னால சும்மா இரிக்கும். ஒருத்தனும் மேல போகவும் வேண்டாம், கீழ வரவும் வேண்டாம்."

அத்தான் புத்தகத்தைப் புரட்டினார். கலகம் இருந்தது. வெள்ளம், தீ, கொள்ளைநோய், கொள்ளைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக விதி இருந்தது. வாசலில் சும்மா உட்காருகிறவர்களை என்ன செய்வது என்று அந்த வெள்ளைக்காரப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. கடைசியில் அவரே ஒன்று தீர்மானித்தார். கோட்டைக்காரன் என்ன செய்கிறானோ, அதைப் பொறுத்து ஜனங்களின் நம்பிக்கைக்கு ஒரு பகடை உருட்டுவது. எண் குறைந்தால் அவர்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போவார்கள்; ஜனம் போனால் கோட்டையும் அவனுக்கு இல்லை.

கதையில் மூன்று நாள் ஓடியது. ஆற்றிலிருந்து தண்ணீர் மேலே வரவில்லை. குள்ளர்கள் சுத்தியலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் சிப்பாய்கள் உண்டு. "அடிச்சு வெரட்டுதியா?" என்று அத்தான் கேட்டார். வாசலில் பால்காரியும் உட்கார்ந்திருக்கிறாளே. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அத்தான் ஊருக்குக் கிளம்ப இரண்டே நாள் இருந்தது.

மறுநாள் காலையில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பதில் வந்துவிட்டது. மதில் பாதி குள்ளர்களுக்கு, பாதி ஊர்க்காரர்களுக்கு. குள்ளர்கள் செதுக்கட்டும், ஊர்க்காரர்கள் சுமந்து வரட்டும். கதவைத் திற. இதை நான் யாரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன். 'கதவைத் திற' என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று குளியலறையில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அன்று காலையிலேயே கீழே கடையிலும் ஒரு விஷயம் நடந்திருந்தது. அப்பா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரப் பையன்கள் இரண்டு பேரைக் கிட்டங்கி வேலைக்குக் கூட்டிவந்திருந்தார். கடைக்குள்ளே மூட்டை மாற்றுவதுதானே, அதற்கு யார் என்ன கேட்க முடியும் என்பது அவர் எண்ணம். சுமட்டுக்காரர்கள் கேட்டார்கள். கடைப்படியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மிளகாய் லாரி ஒன்று தார்ப்பாய் கூட அவிழ்க்காமல் தெருவில் நின்றது. மழை வேறு இன்றைக்கா நாளைக்கா என்று மூடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் நாங்கள் படத்தை விரித்து உட்கார்ந்தபோது மரப்படி கிறீச்சிட்டது. அப்பா. அந்த இரண்டு மாதத்தில் அவர் மச்சுக்கு ஏறியது அன்றுதான். கீழே அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. பனியனெல்லாம் வேர்வை. ஒரு சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து, "என்னலே வெளையாட்டு இது?" என்று கேட்டார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாங்கள் எழுந்து நின்றோம். அவர் உட்காரச் சொன்னார்.

அக்கா விவரம் சொன்னாள். கோட்டை, மதில், குள்ளர்கள், வாசலில் ஜனங்கள். சொல்லும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது, குரல் இறங்கிப் போனது. அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா இருக்கானுவ?"

"மூணு நாள்" என்றேன்.

"ஆரு இந்த ஊர்க்காரனுவ?"

மருந்துக்கடைப் பையன் பயந்துபோய்க் கையைத் தூக்கினான். அப்பா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எறங்காத மக்களே. ஒருமட்டம் எறங்கிட்டேன்னு வையி, பெறகு அந்த எடத்துக்கு நீ மொதலாளி இல்ல."

அத்தான் மெதுவாக, "மாமா, அவன்தான் சொல்லணும். ரூல் அப்பிடி" என்றார்.

"அவன்தான் சொல்லப் போறான். சொல்லுலே."

என் வாயில் 'கதவைத் திற' இருந்தது. அப்பா என்னை அப்படிப் பார்த்தது அதற்கு முன் கிடையாது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் காத்திருந்தார். என் சொல்லுக்காக அப்பா காத்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் நான் சொன்னது அவர் சொல்லை.

"கதவத் தெறக்க மாட்டேன்."

அப்பா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தான் இருபது முகப் பகடையை உருட்டினார். பலகைமேல் அது உருண்டுபோகிற சத்தம் இப்போதும் கேட்கிறது. ஒரு தும்மல் வந்தால் போதும் என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். லாரி தெருவில் நிற்கிறது, மூட்டை அசையவில்லை, மச்சில் நெடியே இல்லை. அன்றைக்கு ஒருவருக்கும் தும்மல் வரவில்லை.

மூன்று விழுந்தது.

போகிறவர்கள் வீட்டை அவர்களே அழிக்க வேண்டும் என்று அத்தான் ரப்பரை மருந்துக்கடைப் பையனிடம் கொடுத்தார். அவன் ஒவ்வொரு வீடாக அழித்தான். பால்காரியின் மாட்டை அழிக்கும்போது தாள் கொஞ்சம் கிழிந்தது. அப்பா, போனால் போகட்டும் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கினார். அவர் தலை மறைந்த பிறகு அவன் என்னிடம், "பாதிப் பணி தந்திருந்தா ஞான் எழுந்திருப்பேனேடா. நீ அது சொல்லும்னு நெனச்சுதான் இருந்தேன்" என்றான். அவன் குரலில் ஜெயித்தவனின் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

இன்னும் ஒரே ஒரு தடவை என்று அத்தானிடம் கெஞ்சினேன். "சொன்னது சொன்னதுதான் மாப்ளே. கோட்டைக்காரன் சொல்ல மாத்தினா அது என்ன ஆட்டம்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். என் பெயரை ரப்பரால் துடைத்துவிட்டு, மைப் பேனாவால் 'ஆளில்லாத கோட்டை' என்று ஆங்கிலத்தில் எழுதினார். மறுநாள் விடிந்ததும் அத்தையும் அவரும் விமானத்துக்குக் கிளம்பினார்கள். பெட்டி, புத்தகம், படம், பகடை எல்லாம் போனது. அத்தான் அதற்குப் பிறகு வந்தது கல்யாணப் பத்திரிகையோடு. அந்தப் படம் எங்கே என்று கேட்டேன். எந்தப் படம் என்றார்.

சுமட்டுக்காரர்கள் கடைப்படியில் உட்கார்ந்த நான்காவது நாள், மச்சில் தனியாகக் குப்புறப் படுத்திருந்தேன். கீழே அப்பா, சுமட்டுக்காரர்களின் தலைவரைக் கடைக்குள் கூப்பிடுவது பலகை இடுக்கில் தெரிந்தது. சத்தமே இல்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே ஐந்து நிமிடம் பேசினார்கள். டீ வந்தது, எல்லோருக்கும். தலைவர் டீயைக் குடித்துவிட்டு, "மொதலாளி, இது அன்னே பறஞ்ஞிருந்தா போதுமாயிருந்நல்லோ" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் போதுமே என்கிறார். அப்பா சொந்தக்காரப் பையன்கள் இரண்டு பேரையும் அன்று சாயங்காலமே தம்பானூரில் பஸ் ஏற்றிவிட்டார். மழைக்கு முன்னால் லாரி காலியாகிவிட்டது. மச்சில் மறுபடியும் நெடி ஏறியது.

இப்போது கணக்குப் பார்த்தால் அப்பாவுக்கு அப்போது நாற்பது கூட ஆகியிருக்காது. இன்றைக்கு எனக்கிருக்கிற வயதுக்கு அவர் சின்னப் பையன். பத்தாம் வகுப்போடு நானும் அதே கடையில் வந்து உட்கார்ந்தேன். எத்தனை தடவை டீ வாங்கிக் கொடுத்துப் பேசித் தீர்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் அவர் இறங்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நண்பர்களே, பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை என் மகளின் கோட்டையைப் பார்த்ததும் எனக்கு நாலு யோசனை சொல்ல நாக்கு துறுதுறுத்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

அந்த நான்காவது நாள், லாரி போன பிறகு கீழே இறங்கினேன். அப்பா கடைப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"அப்பா, நீங்க மட்டும் ஏன் எறங்கினீங்க?"

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவர் தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"இது நெசம்லா மக்களே. நெசத்துல எறங்கித்தான் ஆவணும், நாளைக்கும் இதே தெருவுலதான கட தெறக்கணும். வெளையாட்டுலயாவது நம்மாளு ஒருத்தன் நிமுந்து நிக்கட்டும்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் கூட இருந்தது. எனக்கு நிமிர்ந்து நிற்கிற ஆசையே இல்லை, அந்தக் கதவைத் திறக்கத்தான் ஆசை என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு அன்று தெரியவில்லை. அவர் இருந்த வரைக்கும் தெரியவில்லை.